மூச்சு விட முடியாத சட்டை

2022இல் ‘பிரிட்ஜர்டன்’ இரண்டாவது சீசன் நெட்ஃபிளிக்ஸில் வந்ததும் நானும் தங்கச்சியும் விடிய விடியப் பார்த்து முடித்தோம். கேட், எட்வினா என்ற அக்கா தங்கையாக நடித்த சிமோன் ஆஷ்லி, சரித்ரா சந்திரன் இருவருமே தமிழ்ப் பிள்ளைகள். கேட் தங்கைக்குத் தலையில் எண்ணெய் வைக்கும் காட்சிக்கு அம்மாவும் வந்து உட்கார்ந்துவிட்டார். (எண்ணெய் வைத்துப் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று நான் அழுததை அவர் மறக்கவில்லை.)

அந்த உற்சாகத்தில் மச்சாளின் கலியாணத்துக்கு, சேலைச் சட்டைக்குப் பதிலாக ஒரு கோர்செட் வாங்கினேன். அம்மம்மா பார்த்துவிட்டு, “மூச்சு விட ஏலுமோ பிள்ளை?” என்றார்.

ஏலவில்லை. சாப்பாட்டுக்கு முன்பே தங்கச்சி கழிவறைக்குள் வைத்துக் கயிற்றைத் தளர்த்திவிட்டாள்.

பிறகுதான் தேடி வாசித்தேன். கதை நடப்பது 1810களில். அக்காலத்துக் கவுனின் இடுப்புக்கோடு மார்புக்குச் சற்றுக் கீழேயே வந்துவிடும். உண்மையான இடுப்பு துணிக்குள் மறைந்துபோகும். மறைகிற இடுப்பை இறுக்கி என்ன பயன்? முதல் சீசனில் ஒரு பெண்ணை மூச்சுத் திணறக் கட்டுகிறார்களே, அது வெறும் நாடகம். அந்தப் பெண்கள் ஆசைப்பட்டு உடுத்தியது மெல்லிய பருத்தி மஸ்லின். அதில் பேர்போனது டாக்கா நெசவாளர்கள் நெய்தது.

அம்மம்மாவின் அலமாரியில் வெள்ளை வொயில் சேலை ஒன்று இருக்கிறது. வெட்டித் தைக்கத் தருவீர்களா என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.