அரைப்பேர், முழுப்பேர்

தோட்டத்தில் 'பேர்' என்றால் பெயர் மட்டும் இல்லை. ஒரு நாள் வேலை செக்ரோலில் பதிவாகிறதையும் பேர் என்றுதான் சொல்லுவோம். சொன்ன கிலோ கொழுந்து எடுத்தா ஒரு பேர். குறைஞ்சா அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம். நானுஓயாவில் பிறந்து வளர்ந்த எனக்கு இது சின்ன வயசிலேயே தெரிந்த கணக்கு. ஆனால் வீட்டில் நடக்கிற ஒரு சின்னத் தையல் தொழிலை எப்படிப் பதியலாம் என்று தேடப் போனபோது, சட்டமும் கடைசியில் இதே கேள்வியைத்தான் கேட்கிறது என்று புரிந்தது. யாருக்குப் பேர் விழணும்?

விஷயம் இதுதான். எங்க அக்கா ஏழு வருஷம் கட்டுநாயக்கவில் கார்மென்ட் வேலை செய்தாள். சேர்த்த காசில் ஒரு பழைய ஜூக்கி மெஷினை வாங்கிக்கொண்டு வீட்டோடு வந்துவிட்டாள். பக்கத்துக் காம்பராவில் அவளுடைய கூட்டாளி இருக்கிறாள். காலையில் மலைக்குப் போய்க் கொழுந்து எடுப்பாள், பின்னேரம் வந்து அக்காவோடு உட்கார்ந்து தைப்பாள். சட்டை, பாவாடை, சாரி ஜாக்கெட் என்று ஆரம்பித்தது. அரசாங்கம் பிள்ளைகளுக்கு யூனிஃபோம் துணியைத்தான் இலவசமாகத் தருகிறது, தையல் கூலி நம்ம கையிலிருந்து. அதனால் புதுத் தவணை வரும்போது வீடு முழுக்க வெள்ளைத் துணிதான்.

போன வருஷக் கடைசியில் டவுனில் ஒரு கடைக்காரர் பெரிய ஓர்டர் தருவதாகச் சொன்னார். ஆனால் செக்தான் தருவாராம். செக் எழுத ஒரு வியாபாரப் பேர் வேணும், அந்தப் பேரில் பேங்க் கணக்கு வேணும், கணக்குத் திறக்கப் பதிவுச் சான்றிதழ் வேணும். "நீதானே கெம்பஸ்ல படிக்கிற, எப்புடிப் பதியிறதுன்னு பாத்துச் சொல்லு" என்றாள் அக்கா. நான் படிப்பது கலைப்பீடத்தில், சட்டம் இல்லை. ஆனால் கெம்பஸ் போன பிள்ளைக்கு எல்லாம் தெரியணும் என்பது எங்க லயத்துச் சட்டம்.

ஓ.எல். வணிகக் கல்விப் புத்தகத்தில் மனப்பாடம் செய்த மூன்று பெயர்கள் ஞாபகம் வந்தன: தனிவியாபாரம், பங்குடைமை, கம்பனி. பரீட்சைக்கு 'நன்மைகள் நான்கு, தீமைகள் நான்கு' என்று எழுதினால் போதும். நிஜத்தில் ஒவ்வொன்றும் ஒரு மனுஷரை உள்ளே விடுகிறது, இன்னொருவரை வெளியே நிறுத்துகிறது.

தனிவியாபாரம்தான் எல்லாவற்றிலும் இலகு. இலங்கையில் இதற்கான அடிப்படை 1918ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க வியாபாரப் பெயர்கள் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான். அதன்படி உங்களுடைய உண்மையான முழுப்பெயரிலேயே தொழில் செய்தால் பதியவே தேவையில்லை. அதோடு ஒரு சொல் சேர்ந்தால், 'டெய்லர்ஸ்' என்றோ 'ஃபேஷன்ஸ்' என்றோ வைத்தால், பதிய வேண்டும். பிரதேச செயலகத்தில் படிவம், அடையாள அட்டை, கிராம சேவகரின் உறுதிப்படுத்தல், தொழில் நடக்கிற இடத்துக்கான ஆதாரம். அவ்வளவுதான்.

இதில் ஆளும் வியாபாரமும் ஒன்று. வியாபாரத்தின் கடன் அக்காவின் கடன். புத்தகம் இதை 'வரையறுக்கப்படாத பொறுப்பு' என்று சொல்லும். கடன்காரர் வீட்டைக்கூட எடுக்கலாம் என்று ரீச்சர் பயமுறுத்துவார். நாங்கள் சிரித்தோம். லயத்து வீடு எங்களுடையதே இல்லை, அதை எப்படி எடுப்பது? எடுக்க இருப்பது ஒரு மெஷினும் அக்காவின் ஒரு சோடித் தோடும். அதே காரணத்தால்தான் பேங்கில் ஈடு வைக்கவும் எங்களிடம் ஒன்றும் இல்லை.

ஆனால் தனிவியாபாரம் என்றால் சான்றிதழில் அக்காவின் பேர் மட்டும். அப்போ கூட்டாளி யார்? சட்டத்தின் கண்ணில் அவள் ஒரு தொழிலாளி. ஒரே ஒருவரை வேலைக்கு வைத்தாலும் 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் பொருந்தும். வேலை கொடுப்பவர் 12 சதவீதம், வேலை செய்பவர் 8 சதவீதம். ஈடிஎஃப் 3 சதவீதம் தனி. தோட்டத்தில் ஈபிஎஃப் தெரியாத ஆள் இல்லை. அம்மாமார் பென்ஷன் எடுக்கும்போது வீட்டுக்கு வருகிற ஒரே பெரிய காசு அதுதான். அந்தக் காசைக் கட்டாத துரைமாரைத் திட்டி வளர்ந்த நாங்கள், எங்கள் முதல் தொழிலாளிக்கு அதைக் கட்டாமல் விடலாமா?

'அதெல்லாம் எதுக்கு, தைக்கிற துண்டுக்கு இவ்வளவுன்னு குடுத்துட்டாப் போச்சு' என்று ஒரு யோசனை வந்தது. நிறையப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள், எந்தப் படிவமும் வேண்டாம். தோட்டத்தில் இதற்கும் ஒரு சொல் உண்டு: கைக்காசு. எடுத்த கொழுந்துக்குக் கையில் காசு, அத்தோடு முடிந்தது. கூட்டாளிக்கும் அது பரவாயில்லைதான். அக்காதான் ஒத்துக்கொள்ளவில்லை. "அவ காலையிலயும் கிலோ கணக்கு, பின்னேரமும் துண்டுக் கணக்கா?" என்று கேட்டாள்.

அடுத்தது பங்குடைமை. நம்ம பேச்சில் கூட்டாளி என்றால் சிநேகிதி. பங்காளி என்றால் சொத்துக்குச் சண்டை பிடிக்கிற சொந்தம். சட்டம் இந்த இரண்டுக்கும் நடுவில் 'பங்காளர்' என்று ஒரு ஆளை வைத்திருக்கிறது. 1852ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமொன்றின் வழியாகப் பங்குடைமை விஷயத்தில் ஆங்கிலச் சட்டம் இங்கே வந்தது. அதனால் இங்கிலாந்தின் 1890ஆம் ஆண்டுப் பங்குடைமைச் சட்டத்தின் விதிகள் நானுஓயா லயத்துக்கும் பொருந்தும்.

அந்த விதிகளில் மூன்றைத் தெரிந்துகொண்டே ஆகணும். ஒன்று, வேறு மாதிரிப் பேசிக்கொள்ளாவிட்டால் இலாபமும் நட்டமும் சமபங்கு. யார் மெஷின் போட்டது, யார் எத்தனை மணித்தியாலம் தைத்தது என்று சட்டம் கேட்காது. இரண்டு, வியாபாரத்துக்காக ஒரு பங்காளர் வாங்குகிற கடன் மற்றவரையும் கட்டுப்படுத்தும். இருவருக்குள்ளே 'கேட்காமல் வாங்கக் கூடாது' என்று எழுதியிருந்தாலும், அது தெரியாமல் கடன் கொடுத்த வெளியாளுக்கு அது பொருந்தாது. மூன்று, ஒருவர் இறந்தால், வேறு உடன்பாடு இல்லாதவரை, பங்குடைமையே கலைந்துவிடும்.

இதோடு 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டமும் இருக்கிறது. மூலதனம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் போனால் பங்குடைமை உடன்படிக்கை எழுத்தில், கையெழுத்தோடு இருக்கணும். அந்தக் காலத்தில் ஆயிரம் ரூபாய் பெரிய தொகை. இன்றைக்கு அது நூல்கண்டுக்கும் ஊசிக்கும் முடிந்துவிடும். ஆகவே 'நமக்குள்ள எதுக்குக் கடதாசி' என்கிற பேச்சுக்கு இடமே இல்லை.

கம்பனி என்றால் எல்லோருக்கும் ஒரு ஆசை. பேருக்குப் பின்னால் 'லிமிடெட்' வந்தால் கெத்துதானே. இதன் அடிப்படை ஒரு சப்பாத்துத் தைக்கிறவரின் கதை. லண்டன் வைட்சாப்பலில் ஆரோன் சாலமன் என்பவர் தன் தொழிலை 1892இல் கம்பனியாக்கினார். பங்குதாரர் அவரும் மனைவியும் ஐந்து பிள்ளைகளும்தான். கம்பனி விழுந்தபோது கடனை அவர் தலையில் கட்டப் பார்த்தார்கள். கம்பனி வேறு, சாலமன் வேறு என்று 1896இல் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. நம்ம 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டமும் இதே வழிதான். ஒரே ஒரு பங்குதாரரோடும் கம்பனி தொடங்கலாம்.

ஆனால் கம்பனி பிறந்த நாளிலிருந்து அதற்குச் சாப்பாடு போடணும். செயலாளர் ஒருவர், வருஷா வருஷம் ஆண்டறிக்கை, கணக்காய்வாளர் என்று செலவு வரும். மாதம் பத்து ஜாக்கெட் தைக்கிற இடத்தில் அதுவே இலாபத்தைத் தின்றுவிடும். அதோடு சின்னக் கம்பனிக்கு பேங்க் கடன் கொடுத்தால் 'நீங்களும் சொந்தமா பொறுப்பு எடுங்க' என்று இயக்குநரிடம் தனியாகக் கையெழுத்து வாங்குவது வழக்கம். அந்தக் கையெழுத்தோடு சாலமன் கட்டிய சுவரில் ஒரு கதவு திறந்துவிடும்.

இந்த மூன்றையும் தாண்டி யோசித்த பெண்களும் இருக்கிறார்கள். மும்பையில் 1959இல் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி ஒரு கட்டடத்து மொட்டைமாடியில் அப்பளம் போட ஆரம்பித்தார்கள். அதுதான் லிஜ்ஜத். 1966இல் அதைச் சங்கமாகப் பதிந்தார்கள். அங்கே அப்பளம் போடுகிற ஒவ்வொரு பெண்ணும் உரிமையாளர். இன்றைக்கு ஆயிரக்கணக்கானோர் வீட்டிலிருந்தபடியே அதில் வேலை செய்கிறார்கள். நம்ம நாட்டில் கூட்டுறவுச் சங்கம் அமைக்கக் குறைந்தது 10 பேர் வேணும். எங்களிடம் இருப்பது இரண்டு பேர். ஆனால் எங்கள் லயங்களில் தையல் தெரிந்து, கார்மென்ட் விட்டு வந்த அக்காமாரை எண்ணினால் பத்துக்கு மேல் வரும். அது அடுத்த கதையாக இருக்கட்டும்.

கடைசியில் அக்காவும் கூட்டாளியும் பங்குடைமை என்று முடிவெடுத்தார்கள். மூன்று இரவு உட்கார்ந்து தமிழில் ஒரு உடன்படிக்கை எழுதினோம். மெஷின் அக்காவுடையது, அதற்கு மாத வாடகை முதலில் கழிக்கப்படும். அதன்பின் தைத்த நேரத்துக்கு ஏற்பக் கூலி, மிச்சம் சமபங்கு. இருவரும் கையெழுத்து வைக்காமல் கடன் இல்லை. பேங்க் கணக்கிலும் இரண்டு கையெழுத்து. ஒருத்தி கல்யாணம் செய்து போனாலோ வெளிநாடு போனாலோ எப்படிக் கணக்கு முடிப்பது என்றும் எழுதினோம். அந்த இடத்தில்தான் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. சவூதி போகிற யோசனை கூட்டாளிக்கு இருந்தது அன்றைக்குத்தான் அக்காவுக்குத் தெரியும். "எழுதாம விட்டிருந்தா எப்ப சொல்லியிருப்ப?" என்று அக்கா கேட்டாள். அவள் பதில் சொல்லவில்லை. ஆனால் கையெழுத்து வைத்தாள்.

படிவத்தில் பங்காளர்களின் முழுப்பெயர் எழுதணும். கூட்டாளி தன் அடையாள அட்டையைப் பார்த்து, அப்பாவின் பேரோடு சேர்த்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். செக்ரோலில் தவிர வேறு எங்கேயும் தன் பேரை யாரும் எழுதிக் கேட்டதில்லை என்று சிரித்தாள்.

மிச்சம் இருப்பது ஒரே ஒரு கட்டம்: தொழில் நடக்கும் இடம். 1918ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுதியவர்கள் எல்லோருக்கும் ஒரு விலாசம் இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். எங்களுக்கு இருப்பது தோட்டத்தின் பேரும் டிவிஷனும் லயத்து இலக்கமும்தான், கடிதம் வந்தால் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். காணி அரசாங்கத்துடையது. நிர்வாகம் 1992இல் இருந்து கம்பனிகளிடம். வாழ்கிற எங்களிடம் உறுதியும் இல்லை, குத்தகைப் பத்திரமும் இல்லை. பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் வந்து சேவை செய்யத் தடையாக இருந்த 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவே 2018இல்தான் திருத்தப்பட்டது. ஆகவே நாலு தலைமுறையாக இருக்கிற வீட்டில் மெஷின் ஓட்ட, தோட்ட நிர்வாகத்தின் சம்மதக் கடிதம் கேட்கிறார்கள். கேட்டுக் கொடுத்தோம். இன்னும் பதில் இல்லை.

வீட்டிலிருந்து கேக் செய்கிற, மசாலா அரைக்கிற, பூமாலை கட்டுகிற ஆட்கள் இதை வாசித்தால் ஒன்று சொல்கிறேன். எதில் பதியலாம் என்று கேட்கும் முன்னால், உங்களோடு சேர்ந்து வேலை செய்கிற ஆள் யார், அவருக்கு அந்தக் கடதாசியில் என்ன இடம் என்று கேளுங்கள். மற்றதெல்லாம் பிரதேச செயலகத்தில் சொல்லித் தருவார்கள்.

கடைக்காரர் இன்னும் இரண்டு கிழமை தவணை தந்திருக்கிறார். கடிதம் வராவிட்டால் டவுனில் ஒரு சின்ன அறை வாடகைக்கு எடுத்து அந்த விலாசத்தைப் போடலாம் என்று கூட்டாளி சொல்கிறாள். வாடகைக் கணக்கைப் போட்டுப் பார்த்த அக்கா, அந்தக் கட்டத்தை இன்னும் பென்சிலிலேயே வைத்திருக்கிறாள்.