காய்ச்சல் விட்ட நாள்

தம்பி கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தான். 2017 ஜூலையில் ஒருநாள் விடியக்காலை காய்ச்சலோடு நமுனுகுலையில் வந்து இறங்கினான். கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பெல்லாம் முறியிற மாதிரி இருக்கு என்றான். அம்மா கொத்தமல்லி அவித்துக் கொடுத்துவிட்டு மலைக்குப் போய்விட்டார். போகாவிட்டால் அன்றைய பேர் இல்லை.

"இந்தக் குளிருக்கு டெங்கு எங்க வரப்போகுது" என்றுதான் லயத்தில் எல்லாரும் சொன்னார்கள். நம்ம பக்கம் நுளம்பு குறைவுதான். ஆனால் தம்பியைக் கடித்த நுளம்பு கொழும்பில் அல்லவா இருந்தது! அந்த வருசம் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. "நாளைக்கு வேலைக்குப் போறேண்ணே" என்று பையைக் கட்டினான். எனக்கும் சந்தோசம்தான். இப்போ நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பின்னேரம் வயிறு வலிக்குது என்றான். மூன்று தரம் வாந்தி எடுத்தான். கை சில்லென்று இருந்தது. ஒண்ணுக்குப் போனியாடா என்றால், காலையில் போனதுதானாம். ஓட்டோ பிடித்து பசறை வழியாகப் பதுளை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டொக்டர் முதலில் கேட்டது, காய்ச்சல் தொடங்கி எத்தனையாவது நாள் என்று. அடுத்தது, என்ன மருந்து குடித்தான் என்று. பையில் பெனடோலோடு டைக்ளோஃபெனக் அட்டையும் கிடந்தது. கொழும்பில் உடம்பு வலிக்கென்று வாங்கினானாம். டெங்குவுக்கு அது கூடாது. ஐபுபுரூஃபன், அஸ்பிரினும் கூடாது. இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். காய்ச்சலுக்குப் பெனடோல் மட்டும்தான், அதுவும் அளவோடு.

காய்ச்சல் இறங்கும்போதுதான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்குமாம். அடுத்த 24 முதல் 48 மணித்தியாலம்தான் கண்டம். அந்த நேரத்தில்தான் நாங்கள் பை கட்டிக்கொண்டு இருந்தோம்.

சொந்தக்காரர்கள் பப்பாசி இலைச் சாறோடு வந்து பிளேட்லெட் எத்தனை என்று மட்டும் கேட்டார்கள். வார்டில் அதைவிடக் கவனமாகப் பார்த்தது வேறு. இரத்தம் எவ்வளவு தடித்திருக்கிறது, எவ்வளவு குடித்தான், எவ்வளவு சிறுநீர் போனது. சேலைன் குறைந்தால் பிரசர் விழும், கூடினால் நெஞ்சில் நீர் சேரும். போத்தலில் அளந்து மில்லிலீட்டர் கணக்கை எழுதுகிற வேலை எனக்கு. படிக்கிற காலத்தில் கூட அவ்வளவு கவனமாக நான் கணக்குப் போட்டதில்லை.

தம்பி பிழைத்து வந்தான்.

போன மாதம் பக்கத்துக் காம்பரா மாமாவின் மகன் கொழும்பிலிருந்து காய்ச்சலோடு வந்திருந்தான். "இன்னைக்கு விட்டுருச்சு தம்பி" என்றார் மாமா, சிரித்துக்கொண்டே. வயிறு வலிக்குதா, ஒண்ணுக்குப் போறானா என்று கேட்டேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் அவன் கையைத் தொட்டுப் பார்த்தேன்.