கேட்ட கை

நம் தமக்கையின் மகள் கும்பகோணத்தில் ஓவியம் பயில்கிறாள். சென்ற கோடை விடுமுறையில் அவள் வந்திறங்கியபோது, பெட்டியில் உடைகளைவிடக் காகிதமே அதிகமாயிருந்தது. முகத்தை எழுதாமல் கைகளை மட்டும் எழுதவேண்டும்; அவற்றிலேயே துக்கமும் கோபமும் கருணையும் தெரியவேண்டும். கல்லூரியில் அவளுக்கு இட்டிருந்த வேலை அது.

“இதற்குப் பேரூரைவிட உகந்த இடம் ஏது?” என்று பெருமையுடன் அழைத்துச் சென்றோம். கோயம்புத்தூருக்கு மேற்கே நொய்யல் பக்கத்திலுள்ள பட்டீசுவரர் கோயிலின் கனகசபை 17-ஆம் நூற்றாண்டில் நாயக்கர் காலத்தில் எழுந்தது. அதன் தூண்களிலே ஊர்த்துவ தாண்டவரும், யானையுரி போர்த்தவரும், வீரபத்திரரும், காளியும் கல்லென்று நம்பமுடியாதபடி நிற்கிறார்கள்.

குழந்தை எழுத உட்கார்ந்ததும் நாம் பிரசங்கம் செய்யத் தொடங்கினோம். அபிநய தர்ப்பணத்தில் ஒற்றைக் கை முத்திரைகள் 28. சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் கூறும் இணையா வினைக்கை 33, இணைக்கை 15. ஐந்து விரல் நுனிகளும் கூடினால் முகுளம். மொட்டுக்கும் ஆகும், உண்ணுதலுக்கும் ஆகும். இப்படி வெகு நேரம். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

நான்கு நாள் எழுதினாள். நமக்குப் படங்கள் மிக நன்றாகவே தோன்றின. அவளோ, “விரலெல்லாம் சரியாத்தானுங்க மாமா இருக்குது, கைதான் சும்மா இருக்குது” என்று கிழித்துப் போட்டாள்.

ஐந்தாம் நாள் யானையுரித்தவர் முன்னால் வெகுநேரம் பென்சிலைத் தொடாமல் நின்றாள். திரும்பி வரும்போது பேருந்தில் சொன்னாள்: “அந்தக் கை கோவத்தைக் காட்டலீங்க மாமா. தோலை இழுக்குது. எத்தனை பலமா இழுக்குதுன்னு பாக்கறப்ப நமக்குத்தான் கோவமாத் தெரியுது.” நம் பிரசங்கத்தில் இது இல்லை.

அன்று முதல் அவள் கோயிலுக்குப் போகவில்லை. தன் அம்மாயியின் கட்டிலருகே உட்கார்ந்துவிட்டாள். நம் தாயாருக்குப் பக்கவாதம் கண்டு வலப்பக்கம் விழுந்து, பேச்சும் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. இடக்கை ஒன்றுதான் மிச்சம். யார் அருகே சென்றாலும் அந்தக் கையின் விரல்கள் குவிந்து இரண்டு மூன்று தரம் அசையும். பசி என்று நாம் கஞ்சியைக் கொண்டு போவோம். உதட்டை இறுக மூடிக்கொள்வார். மறுபடி விரல் குவியும், மறுபடி கஞ்சி. ஒரு நாள் கிண்ணத்தைத் தட்டியே விட்டார். ‘வயதானால் பிடிவாதம்’ என்று நாமும் வைத்தியரும் ஒரே அபிப்பிராயமாக இருந்தோம். அன்றைக்குக் கொஞ்சம் கடிந்தும் பேசிவிட்டோம்.

குழந்தை அந்தக் கையைப் பதினைந்து இருபது தாள்களில் எழுதித் திண்ணையில் பரப்பினாள். செல்பேசியில் படம் பிடித்திருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும், ஒன்றும் தெரிந்திராது.

“இதெல்லாம் நான் தலைமாட்டில இருந்து எழுதினது, இது சன்னலோரம் இருந்து. விரல் நுனி எப்பவும் என்னைத்தான் பாக்குது. ஒருதரங்கூட அவங்க வாய்ப்பக்கம் போகலீங்க மாமா” என்றாள்.

நாம் தாள்களைப் பார்த்தோம். பள்ளியிலிருந்து வந்தாலும், பின்னாளில் உத்தியோகத்திலிருந்து வந்தாலும், செருப்பைக் கழற்றுமுன் தாயார் கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

உள்ளே போய்க் கட்டிலருகே நின்றோம். விரல்கள் குவிந்து நம் பக்கம் திரும்பின.

“உண்டாச்சும்மா” என்றோம்.

கை போர்வைமேல் இறங்கி, விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. வாசற்படியில் நின்ற குழந்தை அதை எழுதவில்லை. பென்சில் திண்ணையிலேயே கிடந்தது.