பகையை யாருக்கு எழுதி வைப்பது?

ஒரு கச்சேரிக்குப் பாடகரைத் தேடும்போது குரல் எப்படி, நாள் ஒத்துவருமா, எவ்வளவு கேட்பார் என்றுதான் விசாரிப்பார்கள். பெஞ்சமின் பிரிட்டன் என்கிற ஆங்கிலேய இசையமைப்பாளர் இன்னொன்றையும் பார்த்தார். பாடுகிறவர் எந்த நாட்டுக்காரர், அந்த நாடு இரண்டாம் உலகப் போரில் எந்தப் பக்கம் நின்றது என்று பார்த்தார். 1962 மே 30 அன்று இங்கிலாந்தின் கோவென்ட்ரி கதீட்ரலில் அரங்கேறிய அவருடைய ‘வார் ரெக்வியம்’ என்ற படைப்புக்குப் பெரிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஒன்று, சிறிய வாத்தியக்குழு ஒன்று, பெரிய கொயர், சிறுவர்கள் மட்டும் பாடும் தனி கொயர் எல்லாம் வேண்டும். இவற்றுக்கு மேல் தனிக்குரலுக்கு மூன்று பேர். அந்த மூவரில் ஒருவர் இங்கிலாந்துக்காரராகவும், ஒருவர் ஜெர்மானியராகவும், ஒருவர் ரஷ்யப் பெண்ணாகவும் இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

போரில் ஜெர்மனி ஒரு பக்கம், மற்ற இரு நாடுகளும் எதிர்ப்பக்கம். போர் முடிந்ததும் அந்த இரு நாடுகளுமே ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. இந்த மூன்றையும் ஒரே மேடையில் ஏற்ற நினைத்ததற்கு எத்தனை நெஞ்சுரம் வேண்டும் என்று, இந்த இசையைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்.

இடமும் சாதாரண இடம் அன்று. 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மன் விமானங்கள் கோவென்ட்ரி மேல் விடிய விடியக் குண்டு போட்டன. 500-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பல நூற்றாண்டு நின்ற கதீட்ரலின் கூரை எரிந்து விழுந்து, சுவர்களும் கோபுரமும் மட்டும் மிஞ்சின. அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு, இடிபாட்டின் நடுவிலிருந்தே வானொலியில் பேசினார் கதீட்ரலின் தலைமைக் குரு ரிச்சர்ட் ஹோவர்ட். நகரம் இன்னும் பிணங்களின் கணக்கை முடித்திருக்காது. பழிக்குப் பழி என்ற நினைப்பை விரட்ட வேண்டும், போர் முடிந்தபின் இன்னும் அன்பான ஓர் உலகத்தைக் கட்ட வேண்டும் என்று பேசினார். பீடத்துக்குப் பின்னால் இருந்த சுவரில் மன்னிப்புக் கேட்கும் இரண்டே சொற்களைப் பொறித்தார்கள். யாரை மன்னிக்க வேண்டும் என்று அதில் எழுதவில்லை. குண்டு போட்டவனும் அதற்குள் வருவான், வாசிக்கிற நானும் வருவேன்.

புதிய கதீட்ரலை வடிவமைத்த பேசில் ஸ்பென்ஸ் அந்த இடிபாட்டை அப்படியே நிற்கவிட்டு, அதற்கு ஒட்டினாற்போல் புதியதைக் கட்டினார். உள்ளே நின்று பெரிய கண்ணாடிச் சுவர் வழியாகப் பார்த்தால் எரிந்துபோன பழைய சுவர்கள் தெரியும். அந்தப் புதிய கட்டடத்தின் அர்ப்பணிப்பு விழாவுக்காகத்தான் பெஞ்சமினிடம் இசை கேட்டார்கள். வெற்றி விழாப் பாட்டு ஒன்றை எழுதிக் கொடுத்திருந்தால் ஊரே கைதட்டியிருக்கும். ஆனால் அவர் போரை மறுத்தவர். 1942-இல் அமெரிக்காவிலிருந்து திரும்பியதும் மனச்சாட்சியின் பெயரால் ஆயுதம் தொட மாட்டேன் என்று பதிவு செய்துகொண்டார். 1945-இல் வயலின் கலைஞர் யெஹூதி மெனுஹினோடு ஜெர்மனிக்குப் போய், பெல்சன் வதைமுகாமில் உயிர் தப்பியவர்களுக்கு முன்னால் பியானோ வாசித்தார். அங்கே பார்த்ததை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

ஜெர்மானியக் குரலுக்கு அவர் அழைத்தது டீட்ரிஷ் ஃபிஷர்-டீஸ்கவை. இன்று உலகம் போற்றும் பாரிட்டோன் பாடகர். அன்றைய கணக்கில் பார்த்தால் ஹிட்லரின் படையில் சீருடை அணிந்தவர். 1943-இல் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டு, ரஷ்யப் போர்முனையில் குதிரைகளைப் பராமரித்தார். 1945-இல் இத்தாலியில் அமெரிக்கர்களிடம் பிடிபட்டு இரண்டு ஆண்டு கைதியாக இருந்தார். அவருடைய ஊனமுற்ற சகோதரனை நாஜிகளின் காப்பகம் பட்டினி போட்டே கொன்றது. எதிரி நாட்டுக்காரன் என்று நாம் ஒரே பெயரில் அடைக்கிற ஆளுக்குள் எத்தனை சாவு இருக்கிறது பாருங்கள்.

ரஷ்யக் குரல் கலினா விஷ்னெவ்ஸ்கயா. ஜெர்மன் படைகளின் லெனின்கிராட் முற்றுகையைப் பதின்வயதில் பசியோடு கடந்து வந்தவர். அவர் குரலை மனதில் வைத்துத்தான் பெஞ்சமின் அந்தப் பகுதியையே எழுதினார். சோவியத் அரசு அனுமதி மறுத்துவிட்டது. ஒரு சோவியத் பெண் ஜெர்மானியனுக்கும் ஆங்கிலேயனுக்கும் பக்கத்தில் நின்று பாடுவதா என்று கேட்டார்களாம். இதை விஷ்னெவ்ஸ்கயாவே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். கடைசியில் பெல்ஃபாஸ்டில் பிறந்த ஹெதர் ஹார்பர் பத்தே நாளில் அந்தக் கடினமான பகுதியைப் படித்துக்கொண்டு வந்து பாடிக் கொடுத்தார். அரங்கேற்றம் நடந்தது. ஆனால் நினைத்த மூவர் அன்று கூடவில்லை.

இந்த இசையின் அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சோப்ரானோ பாடகியும் பெரிய கொயரும் பெரிய ஆர்கெஸ்ட்ராவும் இறந்தவர்களுக்கான லத்தீன் பூசை வாசகங்களைப் பாடுகிறார்கள். டெனர், பாரிட்டோன் என்ற இரு ஆண் பாடகர்களும், பன்னிரண்டு பேர் கொண்ட சிறு வாத்தியக்குழுவோடு, முதல் உலகப் போரில் சண்டையிட்ட கவிஞர் வில்ஃப்ரெட் ஓவனின் ஆங்கிலக் கவிதைகளைப் பாடுகிறார்கள். சிறுவர்களின் குரல் தள்ளி, எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல் வர வேண்டும். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் பெரும்பகுதி நேரம் இந்த மூன்று கூட்டமும் தனித்தனியாகவே இருக்கின்றன. அரங்கேற்றத்தில் பர்மிங்ஹாம் நகர சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை மெரிடித் டேவிஸ் நடத்த, சிறு குழுவை பெஞ்சமினே நடத்தினார்.

தொடக்கத்தில் மணி அடிக்கிறது. இரண்டு சுரங்கள். நம் சங்கீதத்தில் சொன்னால் சட்ஜமும் பிரதி மத்யமமும். கல்யாணியில் ஊறிய காதுக்கு அந்த மத்யமம் அமிர்தம். ஆனால் மேல்நாட்டு இசையில் இந்த இரண்டையும் சேர்த்து நிறுத்தினால் நிம்மதி கெடும், எங்கே போய் உட்காருவது என்று மனம் தவிக்கும். அந்தத் தவிப்பைத்தான் படைப்பு முழுவதும் ஓடவிடுகிறார். கொயர் அந்த இரண்டு சுரங்களிலேயே முணுமுணுத்து நின்று, வாத்தியத் துணையில்லாமல், மெல்ல மெல்ல இறங்கி ஓர் இடத்தில் அமைதியாக அமரும். முதல் பகுதியின் முடிவிலும், இரண்டாவதின் முடிவிலும், எல்லாம் முடியும்போதும் அப்படியே அமரும்.

அப்படிப் பாடுவது எவ்வளவு கடினம் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். இளமையில் எங்கள் ஊர்க் கோவில் கொயரில் பாஸ் பாடியவன் நான். நீளமான சுரத்தை அத்தனை பேரும் சேர்ந்து பிடித்து நிறுத்த வேண்டுமானால், எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கக் கூடாது. பக்கத்தில் நிற்பவர் வாங்கும்போது நீங்கள் தாங்க வேண்டும், நீங்கள் வாங்கும்போது அவர் தாங்குவார். என் பக்கத்தில் நின்றவருடைய வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நல்லது கெட்டதுக்குக்கூடப் போக்குவரத்து இல்லை. ஆனால் எந்தப் பாட்டில் எந்த இடத்தில் அவர் மூச்சு வாங்குவார் என்பது எனக்கு அத்துப்படி. என்னுடையது அவருக்கும் தெரியும்.

இந்த இசையின் நடுவில் ஓர் இடம் வருகிறது. என் வயதுக்காரர்கள் ஒவ்வொருவரும் அதைக் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிட மலைக்குக் கூட்டிப்போகும் கதை. வேதத்தில் தேவதூதன் தடுக்கிறான், கிழவர் கத்தியைக் கீழே போடுகிறார், மகனுக்குப் பதில் ஆட்டுக்கடா பலியாகிறது. முதல் உலகப் போரின் பதுங்குகுழியைக் கண்ட ஓவன் கதையின் முடிவை மாற்றினார். தூதன் வருகிறான், உன் கர்வம் என்கிற கடாவைப் பலி கொடு, பையனை விடு என்கிறான். கிழவர் கேட்கவில்லை. மகனை வெட்டுகிறார், அவனோடு ஐரோப்பாவின் பிள்ளைகளில் பாதிப் பேரையும். தூதனின் குரலை டெனரும் பாரிட்டோனும் இணைந்து பாடுகிறார்கள். கத்தி இறங்கிய பிறகும், அந்த இரண்டு ஆண்களும் கடைசி வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கையில், தூரத்தில் சிறுவர்கள் பலியை ஏற்றுக்கொள்ளும்படி வேண்டும் லத்தீன் ஜெபத்தைப் பாடுகிறார்கள். எனக்கு அந்த இடத்தில் உட்கார முடிவதில்லை, எழுந்து நடக்கத் தோன்றும்.

ஓவன் 1918 நவம்பர் 4 அன்று கொல்லப்பட்டார். வயது 25. ஒரே வாரத்தில் போர் ஓய்ந்தது. ஊரெங்கும் வெற்றி மணி அடித்துக்கொண்டிருந்த நாளில் பெற்றோரின் கைக்குத் தந்தி வந்தது.

கர்வம் என்கிற கடா நம் வீடுகளிலும் கொழுகொழுவென்று வளர்கிறது. எங்கள் பக்கத்தில் அண்ணன் தம்பி இருவர், வரப்பு அரை முழம் நகர்ந்துவிட்டது என்று கோர்ட்டுக்குப் போனார்கள். வக்கீல் பீஸுக்கு விற்ற நிலம், தகராறில் இருந்த நிலத்தைவிட அதிகம். அண்ணன் இறந்தார், தம்பி எட்ட நின்று பார்த்துவிட்டுப் போனார். வரப்பை அளந்தே பார்த்திராத பிள்ளைகள் பேச்சை விட்டார்கள். அவர்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வேறு வேறு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சொத்துப் பத்திரத்தோடு பகையையும் சேர்த்து எழுதி வைத்துவிட்டுப் போவது நம் தலைமுறைக்கு எத்தனை சுலபமாக வருகிறது! ஊர்ப் பெரியவர்கள் என்று நாங்கள் சிலர் உட்கார்ந்து பேசிப் பார்த்தோம். இரு தரப்பும் பழைய கணக்கை எடுத்து விரித்தார்கள். பேசப் பேசப் புண் ஆழமானதுதான் மிச்சம்.

பிறகு ஒரு கோடையில் இரு வீட்டுக்கும் பொதுவான பங்குக் கிணறு தூர்ந்துபோயிற்று. தண்ணீர் இல்லாமல் இரண்டு பக்கமும் வாழை வாடியது. வேறு வழியில்லாமல் தூர் வார இறங்கினார்கள். பெரியவர் வீட்டுப் பையன் உள்ளே, சின்னவர் வீட்டுப் பையன் மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு. சேறு நிறைந்த கூடை ஆடி ஆடி மேலே ஏறும்போது, கீழே நிற்பவன் தலை மேலே நிற்பவன் கையில் இருக்கிறது. “மெள்ள இழுலே, கல்லு உருளுது” என்று உள்ளிருந்து சத்தம் வந்தது. வருடக்கணக்காகப் பேசாத இரண்டு குடும்பங்களுக்கு நடுவில் அதுதான் முதல் பேச்சு. மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் ஒரே தூக்குவாளியில் இருந்து கஞ்சி குடித்தார்கள்.

பெஞ்சமின் செய்ததும் இதே காரியம் என்று எனக்குப் படுகிறது. இங்கிலாந்துக்காரரையும் ஜெர்மானியரையும் உட்காரவைத்து யார் முதலில் குண்டு போட்டது என்று அவர் விசாரிக்கவில்லை. இருவர் கையிலும் பாட வேண்டிய காகிதத்தைக் கொடுத்தார். கடைசிப் பகுதியில், இறந்தபின் இரண்டு போர்வீரர்கள் நிலத்துக்கடியில் ஓர் இருட்டுச் சுரங்கத்தில் சந்திக்கிறார்கள். ஒருவன் மற்றவனைக் கொன்றவன். கொல்லப்பட்டவனின் குரலை ஜெர்மானியர் பாடுகிறார். நேற்று நீ குத்திய பகைவன் நான்தான், நண்பா என்கிறான் அவன். பிறகு இருவரும் தூங்கப்போகலாம் என்று மெல்லிய தாலாட்டாகப் பாடத் தொடங்குகிறார்கள். அப்போதுதான், அந்த இசையில் முதன்முறையாக, சிறுவர்களும் சோப்ரானோவும் பெரிய கொயரும் இரண்டு வாத்தியக்குழுக்களும் ஒன்றாகச் சேர்கின்றன.

அந்த அரங்கேற்றத்தில் பாடி முடித்தபோது ஃபிஷர்-டீஸ்கவ் உடைந்துபோனார். செத்துப்போன நண்பர்கள் கண்முன் வந்து நின்றதாகப் பின்னாளில் எழுதினார். முகத்தை எங்கே மறைப்பது என்று தெரியாமல் அமர்ந்திருந்தவரை எழுப்பி அழைத்து வரப் பெரும்பாடு பட்டவர், பக்கத்தில் நின்று பாடிய ஆங்கிலேயர் பீட்டர் பியர்ஸ்.

அன்று வர முடியாத விஷ்னெவ்ஸ்கயாவும் ஒரு நாள் வந்தார். 1963 ஜனவரியில் லண்டன் கிங்ஸ்வே ஹாலில் டெக்கா நிறுவனம் இசைத்தட்டுக்கு ஒலிப்பதிவு செய்தபோது மூவரும் சேர்ந்தார்கள். முதல் நாள் பெரிய ரகளை. ஆண்கள் இருவரும் முன்னால் நிற்க, தன்னை மட்டும் கொயரோடு மேலே மாடத்தில் நிறுத்தியது அவமானம் என்று அவர் பாடவே மறுத்துக் கத்தினார். எந்தக் கல்யாண வீட்டில் இது நடக்காமல் இருக்கிறது? மறுநாள் அதே மாடத்தில் நின்று அற்புதமாகப் பாடினார். கறுப்பு அட்டையில் வெள்ளை எழுத்து மட்டும் கொண்ட அந்த இசைத்தட்டு ஐந்தே மாதத்தில் 2 லட்சம் பிரதி விற்றது. அந்த மூன்று குரல்களையும் இன்றும் அதில் கேட்கலாம்.

கோவென்ட்ரியில் பாட்டோடு நின்றுவிடவில்லை. 1961-இலேயே ஜெர்மன் இளைஞர்கள் சிலர் வந்து, தங்கள் தகப்பன்மார் எரித்த கதீட்ரலின் இடிபாட்டில் ஒரு பகுதியைக் கை வேலை செய்து எடுத்துக்கட்டினார்கள். 1965-இல் இங்கிலாந்து இளைஞர்கள் டிரெஸ்டன் போனார்கள். 1945 பிப்ரவரியில் நேசநாட்டு விமானங்கள் எரித்து, சுமார் 25,000 பேர் மாண்ட நகரம் அது. அங்கே இடிந்துகிடந்த ஒரு மருத்துவமனையைத் திரும்பக் கட்ட மண்வெட்டி பிடித்தார்கள்.

இதைப் படிக்கும் பெரியவர்களே, உங்கள் அண்ணனோடு, தங்கையோடு, பங்காளியோடு பேச்சு நின்று எத்தனை காலம் ஆயிற்றோ எனக்குத் தெரியாது. யார் செய்தது தப்பு என்பதும் எனக்குத் தேவையில்லை. சமாதானம் பேசப் போகாதீர்கள், அது பழைய கணக்கில் போய் முடியும். கிணறோ, குலதெய்வக் கோவில் சுவரோ, அம்மாவின் மருந்துச் செலவோ, இரண்டு பேரும் சேர்ந்து தூக்க வேண்டிய ஒரு பாரம் உங்கள் குடும்பத்திலும் இருக்கும். இந்தப் பொங்கலுக்குள் அந்த வேலைக்கு அவரைக் கூப்பிடுங்கள். கூப்பிடும்போது உங்கள் பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.