தொப்பி பேசட்டும்!

ஃபிட்டிங் ஷாப்பில் அரம் பிடிக்கும்போது கவனித்திருப்பீர்கள். தள்ளுவது வலது கை; நுனியை அழுத்தி மட்டம் காப்பது இடது கை. அது ஏமாற்றினால் ஜாப் மேடு பள்ளம்தான். மிருதங்கத்திலும் இதே கதை!

வலந்தலையில் என் விரல்கள் ஓடும். ஈர ரவை அப்பிய தொப்பியில்தான் "தொம்" என்று கேட்க வேண்டியது "தொப்" என்று விழும். "வலது கை பாடுது, இடது கை தூங்குதுப்பா. அது எழுந்திரிக்கிற வரைக்கும் மேடை கிடையாது" என்றுவிட்டார் வாத்தியார். பங்குனித் திருவிழாவில் அக்கா பாட்டுக்கு நான்தான் வாசிப்பதாகப் பேச்சு. வயிற்றில் புளியைக் கரைத்தது.

கைக்குப் பலம் வரட்டும் என்று நண்பன் ஸ்பிரிங் கிரிப் வாங்கித் தந்தான். வாத்தியார் சிரித்தார். "பலம் எதுக்கு? தட்டின கையை உடனே எடுக்கணும். அழுத்தி வச்சா தோல் எப்படிப் பேசும்?"

அவர் தந்த பயிற்சி: வலது கை ஆதி தாளம் போட, இடது கை மட்டும் முதல் காலத்தில் 8 தட்டு, பிறகு 16, பிறகு 32. மணிக்கட்டு இறுகினால் மறுபடி 8. ஹாஸ்டலில் மிருதங்கம் ஏது? தலையணைதான். அது தோல் மாதிரி கையை எகிற வைக்காது. தூக்குகிற வேலை முழுக்க மணிக்கட்டுக்கே.

1962-ல் மறைந்த பழனி சுப்பிரமணிய பிள்ளை இடது கைக்காரர். அவருக்குத் தொப்பி வலது கையில்! அந்தக் கும்கி நாதத்துக்கே பேர் வாங்கியவர். பிறவியிலேயே இளைத்த கை என்று எதைச் சொல்வது?

நாலு மாதமாகிறது. 32-ல் கடைசி நாலைந்து தட்டு இன்னும் இழுக்கிறது. அக்கா வேறு ஆள் பார்க்கவில்லை. பங்குனிக்கு இரண்டு மாதம் இருக்கிறது. அதுவரை பக்கத்து அறைக்காரர்கள் பொறுத்தருள்க!

- மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்