பைரவருக்கு விளக்கு, குட்டிக்கு ஊசி

போன தேய்பிறை அஷ்டமி அன்னிக்கு யாரோ கோயில் பின் கேட்டில் ஒரு நாய்க்குட்டியைப் பெட்டியில் வச்சுட்டுப் போயிட்டாங்க. உள்ளே பைரவருக்கு விளக்கு, வெளியே அவர் வாகனம் அழுவுது. மனசு கேக்கல, வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டேன்.

நான் ரப்பர் தோட்டத்துல பிறந்தவன். லயத்து நாய்க்கு மிச்ச சோறு போட்டா தானா வளரும்னு நினைச்ச ஆளு. மூணு வருசத்துக்கு முன்ன ஒரு குட்டியை ஊசி போடாமலே ரோட்டுல விட்டேன். பார்வோ வந்து, ரத்தமா போய், நாலே நாள்ல செத்துப் போச்சு. தப்பு என்னோடது. மக அழுதது இன்னும் காதுல இருக்கு.

இந்தத் தடவை மறுநாளே கிளினிக் போனேன். 6-8 வாரத்தில் முதல் ஊசி. பிறகு 3-4 வாரத்துக்கு ஒண்ணு, 16 வாரம் ஆகும் வரைக்கும். பார்வோ கிருமி மண்ணுல மாசக்கணக்கா இருக்கும், அதனால ஊசி முடியும்வரை மத்த நாய் நடக்குற இடத்துல விடாதீங்க. பசும்பால் வேணாம், வயித்தால போகும்.

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும் நம்ம வீட்டு வாசலுக்குத் தூக்கிட்டுப் போங்க. அங்கே இருந்தா உடனே தட்டிக் கொடுங்க. வீட்டுக்குள்ள இருந்துட்டா அடிக்காதீங்க. அடிச்சா ஒளிஞ்சு போய் இருக்கும், அவ்வளவுதான். ஃபேக்டரியில் புது ஆளுக்கும் இதேதான்.

வளர்க்க முடியலேன்னா தாய் நாய்க்குக் கருத்தடை செய்யுங்க. கோயில் வாசல்ல விடாதீங்க. விளக்கு ஏத்துற கை அதைச் செய்யலாமா?

ஓம் பைரவாய நம.