வடாமும் வானமும்

சென்ற வருஷம் கத்திரி வெயில் நாளில், அதிராம்பட்டினத்தில் குடியிருந்துகொண்டு, மழை வரவேண்டும் என்று நான் பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டிக்கொண்டேன். அதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

என் கணவருக்கு மாற்றலாகி, மாம்பலத்திலிருந்து நாங்கள் இங்கே வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. ஊருக்குத் தெற்கே உப்பளம். அதற்கப்பால் சேறும் அலையாத்திச் செடிகளும். அதற்கும் அப்பால், அலை என்பதையே மறந்துவிட்ட மாதிரி பாக் ஜலசந்தி. கடலோர ஊராயிற்றே, காற்று வரும் என்று நம்பி வந்தேன். வரத்தான் வந்தது, ஈரத் துணியை முகத்தில் போட்டது போல!

ஞாயிற்றுக்கிழமை காலை மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்து வடாம் பிழிந்தேன். மத்தியானம் பார்த்தால், பட்டுக்கோட்டைப் பக்கம் பஞ்சு மூட்டையை அவிழ்த்துக் கொட்டினாற்போல் மேகம். அலறியடித்துக்கொண்டு வேட்டியோடு வடாமைக் கீழே கொண்டுவந்தேன். ஒரு பொட்டு மழை இல்லை. திங்களும் செவ்வாயும் அதே கதை.

பக்கத்து வீட்டு ராத்தா சிரித்தார். "அது பட்டுக்கோட்டைக்காரங்க மேகம், தங்கச்சி. நமக்கு வராது."

அது வேடிக்கைப் பேச்சில்லை என்று கல்லூரியில் பௌதிகம் படிக்கும் என் பெண் விளக்கினாள். வெயிலில் நிலம் சீக்கிரம் சுட்டுவிடும், கடல் அப்படிச் சுடாது. சுட்ட நிலத்தின் மேலுள்ள காற்று லேசாகி எழும்ப, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து ஈரக் காற்று ஓடி வரும். கரையோரத்தில் இருக்கும் நமக்கு அது கொஞ்சம் குளிர்ச்சி. அதனாலேயே நம் தலைக்கு மேல் காற்று அவ்வளவாக எழும்பாது. உள்ளே போகப் போக, அங்கே கொதித்துக் கிடக்கும் காற்றுக்கு அடியில் இது நுழைந்து அதை மேலே தூக்கும். ஏறும் காற்று கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி வீதம் குளிரும். ஓர் உயரத்தில் அதிலுள்ள ஆவி நீர்த்திவலையாகும். மேகத்தின் அடிப்பாகம் கத்தியால் சீவியது போல் தட்டையாக இருப்பது அந்த உயரத்தில்தான்.

"இட்லிப் பானை மூடியில் முத்து முத்தாய் நிற்கிறதே, அது மாதிரியா?"

"அதேதான் அம்மா. ஆனால் வானத்தில் மூடி ஏது? ஆவி ஒட்டிக்கொள்ள ஏதாவது பொடி வேண்டும். தூசு, புகை, இல்லாவிட்டால் கடலிலிருந்து காற்றில் கலந்த உப்புத் துகள்."

மேகத்துக்குள்ளேயும் உப்பு இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஆவி நீராகும்போது வெளிவிடும் சூட்டில் காற்று இன்னும் மேலேறி, இடிமேகம் 15 கிலோமீட்டருக்கு மேல்கூட வளருமாம். 1802-ல் லூக் ஹோவர்ட் என்ற லண்டன் மருந்து வியாபாரி மேகங்களுக்கு லத்தீனில் பெயர் சூட்டினார். நான் மூன்று நாளாய்ப் பார்த்துப் பயந்ததற்குப் பெயர் 'க்யூமுலஸ்'; அதாவது குவியல்.

புதனும் வியாழனும் உடம்பே வெந்தது. பால்காரர், "ஒரு மழை பெஞ்சாக் கோடை உழவு ஓட்டிடலாம்மா" என்று தினமும் சொன்னார். வியாழன் இரவுதான் தேங்காய் வேண்டுதல்.

வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குக் காற்று நின்றுபோயிற்று. வடமேற்கே வானம் கறுத்து, உயரத்துக் காற்று அதை நம் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தது. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவளிடம், "அப்பாடா, மழை வரப்போகிறது" என்றேன்.

அவள் கை நின்றது. "அப்படிச் சொல்லாதீங்கம்மா. நாளைக்கு உப்பு வாரணும்."

அவள் புருஷனுக்கு உப்பளத்தில் வேலை. மழை பெய்தால் பாத்தியில் விளைந்த உப்பு கரைந்துவிடும். அதோடு, பதம் வந்த நீரும் நீர்த்துப்போய், மறுபடி வெயிலில் காய்ந்து உப்புப் பூக்கும் வரை கூலி இல்லை. மாசக்கணக்கில் அவள் கையால் தேய்த்த பாத்திரத்தில் சமைத்தேன், இதைக் கேட்டதில்லை.

பளிச்சென்று மின்னியது. என் பெண் எண்ணத் தொடங்கினாள். பன்னிரண்டில் இடி கேட்டது. மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். அப்படியானால் நாலு கிலோமீட்டர் தூரம். "வெட்டவெளி உப்பளத்துக்கு இப்போது போகாதே" என்று கையைப் பிடித்தேன்.

"அவரு அங்கதானேம்மா இருக்காரு" என்று உதறிக்கொண்டு ஓடினாள்.

அடுத்த நிமிஷம் சில்லென்ற காற்று புழுதியோடு மோதியது. ராத்தா தன் வீட்டு ஜன்னல்களைச் சாத்தும் சத்தம் கேட்டது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயலின்போது இந்த ஊரில் கடும் வேகத்தில் காற்று வீசியது. அதிலிருந்து, காற்று இரைந்தாலே இங்கே முதலில் ஜன்னலைத்தான் பார்ப்பார்கள். அப்புறம் முக்கால் மணி நேரம் மழை. வேண்டியது கிடைத்தவள் நான். கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வோர் இடியையும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை பால்காரர் முகமெல்லாம் சிரிப்பாக, கேட்காமலே கால் ஆழாக்கு கூட ஊற்றிவிட்டு உழவுக்குப் போனார். ஏழு மணிக்கு அவள் வந்தாள். எனக்கு உயிர் வந்தது. புருஷன் கொட்டகையில் ஒதுங்கிக்கொண்டானாம். முன்பே வாரிக் குவித்திருந்ததைக் கீற்றால் மூடிக் காப்பாற்றியாயிற்று. பாத்தியில் கிடந்தது அத்தனையும் போயிற்று.

பூஜை அலமாரியில் வாங்கி வைத்த தேங்காயை நான் அவளுக்குத் தெரியாமல் பின்னால் தள்ளினேன்.

"மாடியில வடாம் போட்டிருந்தீங்களே, என்னம்மா ஆச்சு?" என்றாள்.

"மறந்தே போய்விட்டேன். எல்லாம் கரைந்து கூழாகிவிட்டது."

"எங்களுதும்தான்" என்று சொல்லி, அவள்தான் முதலில் சிரித்தாள். பிறகு கொல்லைக்குப் போய் அண்ணாந்து பார்த்தாள். வெறும் நீலம்.

"மறுபடி கூழ் கிண்டுங்கம்மா. நாளைக்கு நல்லாக் காயும்."